மூன்று விசில் வரை

குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை வளர்க்க, கோபத்தையும் பயத்தையும் புரியவைக்க என்று இப்போது நிறையப் புத்தகங்கள் விற்கிறார்கள். அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிரிக்கும் முகம், அழும் முகம், பக்கத்தில் ஒரு கரடிக்குட்டி. ஆனால் சில புத்தகங்களைக் குழந்தை ஒரு தடவை கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறது. சிலவற்றை மட்டும் இரவு தவறாமல் தேடி எடுத்துக்கொண்டு வந்து மடியில் ஏறுகிறது. இந்த இரண்டாவது வகைக்குள் அப்படி என்ன இருக்கிறது? மெல்லிசான ஒரு படக்கதை ஐந்து வயதுப் பிள்ளையின் மனத்துக்குள் போய் எப்படி வேலை செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள மனோதத்துவம் படித்திருக்க வேண்டாம். வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் போதும்.

முதலில் குக்கரைக் கழற்றி மேடையில் வையுங்கள். பாத்திரம், மூடி, மூடிக்குள் காஸ்கெட் என்கிற ரப்பர் வளையம், தலையில் உட்காரும் வெயிட், ஓரத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு. இவ்வளவுதான். பிறகு அதன் பக்கத்தில் ஒரு புத்தகத்தை வையுங்கள். நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் 1928இல் பிறந்த மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்'. 1963இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் படக்கதைகளுக்குத் தரும் கால்டெகாட் பதக்கத்தை வாங்கியது. இந்த வகைப் புத்தகங்களில் இதைவிட நன்றாக வேலை செய்யும் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால் இதையே கழற்றிப் பார்ப்போம்.

கதை இதுதான். மேக்ஸ் என்று ஒரு பையன். ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டை இரண்டாக்குகிறான். சுவரில் ஆணி அடிக்கிறான், முள்கரண்டியோடு நாயைத் துரத்துகிறான். அம்மா அவனைக் காட்டுமிருகம் என்று திட்டுகிறாள். அவன் அம்மாவையே தின்றுவிடுவதாகச் சொல்கிறான். உடனே சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்பிவிடுகிறாள். அன்று ராத்திரி அவன் அறைக்குள் காடு முளைக்கிறது. பிறகு கடல் வருகிறது, படகு வருகிறது. நெடுநாள் பயணம் செய்து, கோரைப்பல்லும் கூர்நகமுமாக விலங்குகள் வாழும் இடத்துக்குப் போய்ச் சேருகிறான். அவற்றை அடக்கி அவற்றுக்கே ராஜாவாகி, கூடச் சேர்ந்து ஆட்டம் போடுகிறான். அப்புறம் வீட்டு ஏக்கம் வந்து திரும்பி வருகிறான். அறையில் அவனுக்குச் சாப்பாடு காத்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு பாகமாக எடுப்போம். முதலில் பாத்திரம். குக்கரில் பருப்பு வைக்கிறவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் நுரை பொங்கி வெயிட் வழியாகப் பீய்ச்சி, மேடையெல்லாம் மஞ்சளாகும். மேலே விட்ட காலி இடம் வீண் இல்லை. ஆவி சேர்வதற்கு அந்த இடம்தான் வேண்டும். செண்டாக்கின் புத்தகத்தில் மொத்தமே 338 சொற்கள். வாக்கியங்கள் பத்து. மேக்ஸுக்குக் கோபம் வந்தது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஏன் வந்தது, வரலாமா கூடாதா என்ற பேச்சும் இல்லை. குழந்தை அவன் புருவத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல புத்தகங்கள் இந்த முதல் படியிலேயே கெட்டுப்போகின்றன. பக்கத்துக்கு இரண்டு அறிவுரை, கடைசியில் நீதி, அதற்குப் பின்னால் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள். குழந்தை தன் பங்குக்கு எதையாவது நினைக்க இடமே விடாமல் கழுத்துவரை நிரப்பிவிட்டு, ஏன் வேகவில்லை என்று கேட்டால் எப்படி?

அடுத்து மூடி. புத்தகத்தைத் திறந்ததும் பக்கத்தின் நடுவில் சின்னதாக ஒரு படம். சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். வீட்டில் இருக்கும்வரை மேக்ஸ் அந்தக் கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். அம்மாவின் திட்டு காதில் விழுகிறது, அம்மா கண்ணில் படுவதே இல்லை. புத்தகம் முழுக்க ஒரு படத்திலும் செண்டாக் அவளை வரையவில்லை. அதனால் கதை கேட்கும் குழந்தைக்கு, கோபத்தில் சிவந்த அம்மா முகத்தைப் பார்த்துப் பயப்படும் வேலையும் இல்லை, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் இல்லை. பார்க்க வேண்டியது மேக்ஸை மட்டும். அறைக்கதவு சாத்தியாகிவிட்டது. மூடி இறுகிவிட்டது.

பிறகு சூடு. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். மூடிய குக்கரில் அந்த இடம் கிடைக்காது. அதனால் அழுத்தம் ஏறும். 100 டிகிரியில் கொதித்துவிடும் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். கல்லுக் கல்லாகக் கிடந்த கொண்டைக்கடலை வெண்ணெயாக வேகும் ரகசியம் இதுதான். இப்போது பக்கங்களைப் புரட்டுங்கள். மேக்ஸின் கட்டில் கால்கள் மரங்களாகின்றன. படம் முந்தைய பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகிறது, வெள்ளை ஓரம் குறுகுகிறது. அடுத்த பக்கத்தில் இன்னும் கொஞ்சம். பிறகு ஓரமே இல்லாமல் பக்கம் முழுவதையும் படம் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் அது எதிர்ப்பக்கத்துக்குள்ளும் நுழைகிறது. பெரியவர்கள் எழுத்தை வாசித்துக்கொண்டே போவதால் இதைக் கவனிப்பதில்லை. எழுத்துத் தெரியாத குழந்தை கவனித்துவிடும். அதற்கு இருப்பது படம் மட்டும்தானே.

இந்த வளர்ச்சி ஏன் முக்கியம்? சின்னப் பிள்ளைக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது உடம்புக்குத்தான். முகம் சுடும், நெஞ்சு அடிக்கும், கை தானாக இறுகும். அதற்கு என்ன பெயர் என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் வாயில் வராது. வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிவிடும். ஐந்து வயதில் தரையில் புரண்டு காலை உதைப்பதுதான் பேச்சு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, உனக்குள் ஏறிக்கொண்டிருப்பது இவ்வளவு பெரியது, எனக்கும் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அதைப் பேசிச் சொன்னால் காதில் ஏறாது. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஏறுகிறது.

அடுத்து காஸ்கெட். பார்வைக்கு ஒன்றுமில்லாத ரப்பர் வளையம். தளர்ந்துபோனால் ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து மாட்டிச் சமாளிப்போம். அதுவும் பலிக்காவிட்டால் ஓரமெல்லாம் புஸ்ஸென்று ஆவி கசியும், விசில் வரவே வராது. புத்தகத்தில் இந்த வளையம், இது என் கதை இல்லை, மேக்ஸின் கதை என்ற எண்ணம்தான். சாயந்திரம் தங்கையைக் கடித்த பிள்ளையை உட்காரவைத்து, நீ ஏன் கடித்தாய் என்று கேட்டால் உடனே அழுகை, மறுப்பு, ஓட்டம். ஓரமெல்லாம் கசிவு. அதே பிள்ளையிடம் மேக்ஸ் ஏன் நாயைத் துரத்தினான் என்று கேளுங்கள். அவனைப் பற்றிச் சொல்கிற சாக்கில் தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். அதனால்தான் இந்த வகைக் கதைகளில் ஆந்தைக்குஞ்சும் தவளையும் காளையும் இத்தனை பேர் வருகிறார்கள்.

ஆனால் காஸ்கெட் தடித்துப்போனாலும் மூடி பொருந்தாது. கனடாவின் டொரன்டோவில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு, பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள். ஒன்றில் மனிதர்கள், மற்றதில் மனிதரைப்போல உடுத்திப் பேசும் விலங்குகள். மனிதர் கதை கேட்ட பிள்ளைகள்தான் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை அதிகம் பகிர்ந்தார்கள். விலங்கு மாந்தர் என்றால் ரொம்பத் தூரம் போய்விடுகிறது போலிருக்கிறது. செண்டாக் இதை எந்த ஆய்வும் இல்லாமலே பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மேக்ஸ் பையன்தான், ஆனால் ஓநாய்ச் சட்டைக்குள் இருக்கும் பையன். வேண்டும்போது அவன் நான், வேண்டாதபோது அவன் ஓநாய். வளையம் சரியான அளவு.

இப்போது வெயிட். குக்கரின் உயிரே இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் சின்ன உலோகத் துண்டு ஆவியை முழுக்க அடைப்பதும் இல்லை, முழுக்க விடுவதும் இல்லை. வேகத் தேவையான அளவுக்கு உள்ளே நிறுத்திவைக்கிறது. மிஞ்சினால் தானே எழும்பி விட்டுக்கொடுத்து மறுபடி உட்கார்ந்துகொள்கிறது. ஆவி முழுக்க ஓடிவிட்டால் பருப்பு வேகாது, முழுக்க அடைபட்டால் குக்கர் வெடிக்கும்.

மேக்ஸ் போய் இறங்கும் தீவில் அந்த விலங்குகள் கர்ஜிக்கின்றன, பல்லைக் கடிக்கின்றன, கண்ணை உருட்டுகின்றன, நகத்தை நீட்டுகின்றன. செண்டாக் முதலில் வரைய நினைத்தது காட்டுக் குதிரைகளை. குதிரை வரைய வரவில்லை. எதுதான் உனக்கு வரையத் தெரியும் என்கிற தோரணையில் பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ரம் கேட்க, அவருக்குச் சின்ன வயதில் வீட்டுக்கு வந்துபோன உறவினர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் அது. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது என்று கொஞ்சும் மாமாக்களும் அத்தைகளும். அவர்களுடைய பல்லும் மூக்கும் கலைந்த தலையும்தான் விலங்குகளாயின. நம் கல்யாண மண்டபங்களில் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்கவைக்கும் பெரியப்பாக்களை நினைத்துக்கொண்டால் அந்தப் படங்களின் பயமும் சிரிப்பும் நமக்கும் பிடிபடும்.

மேக்ஸ் அவற்றை எப்படி அடக்குகிறான்? அடிக்கவில்லை, ஓடவில்லை. அவற்றின் மஞ்சள் கண்களை இமைக்காமல் நேருக்கு நேர் பார்க்கிறான். அவ்வளவுதான், அவை அடங்கிவிடுகின்றன. சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரியவர்களை மூளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். அந்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவைத்தபோது, அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. யோசித்து நிதானிக்கும் முன்மூளைப் பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. உள்ளே பொங்குவதை நேராகப் பார்த்து, இது இன்னது என்று சொல்வது ஒரு வெயிட். மேக்ஸ் கண்ணால் செய்வதை நாம் வீட்டில் சொல்லால் செய்கிறோம். எல்லாவற்றையும் கோபம் என்ற ஒரே பெயரில் போட்டுவிடாமல் எரிச்சல், பொறாமை, ஏமாற்றம், கூச்சம், ஏக்கம், தவிப்பு என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் வெயிட் இன்னும் சரியாக உட்காரும்.

அடுத்து விசில். ராஜாவான மேக்ஸ் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னதும் புத்தகத்தில் எழுத்து நின்றுபோகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து அடைத்துக்கொண்ட பெரிய படங்கள் மட்டும். நிலாவைப் பார்த்து ஊளை, மரக்கிளையில் தொங்கல், விலங்கின் தோளில் ஊர்வலம். ஒரு சொல்கூட இல்லாமல் இப்படி மூன்று விரிப்புகள். எண்ணிப் பாருங்கள், மூன்று விசில்.

இங்கே வாசித்துக் காட்டுகிறவருக்கு ஒரு வேலைதான், சும்மா இருப்பது. அதுதான் நமக்கு வராது. மூன்று பக்கம் மௌனமாக இருந்தால் கை அரிக்கும். பார்த்தியா, கோபப்பட்டால் இப்படித்தான் காட்டுக்குப் போக வேண்டிவரும் என்று ஆரம்பித்துவிடுவோம். விசில் அடிக்கும்போது யாராவது மூடியைத் திருகுவார்களா? பக்கத்தைப் புரட்டும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். அது ஊளையிட்டால் கூடச் சேர்ந்து ஊளையிடலாம், தப்பில்லை.

இந்த இடத்தில் குக்கரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆவி வெளியே போனால் குக்கரில் அழுத்தம் குறைந்துவிடும். மனிதருக்கு அப்படி நடப்பதில்லை. தலையணையைக் குத்து, கோபம் போய்விடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் இதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்திய மாணவர்கள், எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் மூர்க்கத்தோடும் இருந்தார்கள். ஆகவே மேக்ஸைத் தணிக்கிறது அந்த ஆட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னவனும் அவன், போதும் நிறுத்து என்று சொல்கிறவனும் அவன். கர்ஜித்துக்கொண்டிருந்த அத்தனை விலங்கும் நின்றுவிடுகின்றன. குழந்தைகள் அந்தப் பக்கத்தில் காட்டும் சந்தோஷத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இவ்வளவு பெரிய ஒன்றை நிறுத்தும் சக்தி என் அளவே இருக்கும் ஒரு பையனிடம் இருக்கிறது! உணர்ச்சியைப் புரிந்துகொள்வதும் தன்னம்பிக்கையும் இரண்டு தனித் தலைப்புகள் என்று புத்தக அட்டைகள் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு அடுப்பை அணைத்தாகிவிட்டது. ஆனாலும் உடனே மூடியைத் திறக்க முடியாது. அவசரக்காரர்கள் கரண்டியால் வெயிட்டைத் தூக்குவார்கள், இல்லையென்றால் குழாயடியில் காட்டுவார்கள். பொறுமை உள்ளவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள், தானாக அடங்கும். மேக்ஸ் விலங்குகளைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறான். அம்மா அவனுக்குச் செய்தது! செய்து முடித்ததும் தனியாக உட்காருகிறான். தன்மீது எல்லாரையும்விட அதிகமாகப் பிரியம் வைத்திருக்கும் ஒருவரிடம் போக வேண்டும்போல இருக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து சாப்பாட்டு வாசனை வருகிறது. கோபத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஏக்கம். இதை முதல் பக்கத்தில் யாராவது அவனிடம் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பானா? நாமோ பிள்ளை விம்மிக்கொண்டிருக்கும்போதே, போய் சாரி சொல்லு என்று மூடியைப் பிடித்து இழுக்கிறோம். சாரி வரும், சூடான ஆவியும் சேர்ந்து வரும்.

கடைசியாக மூடி திறக்கிறது. படகில் திரும்பும்போது படங்கள் மறுபடி சுருங்குகின்றன. ஓநாய்ச் சட்டையின் தலைப்பாகம் பின்னால் சரிந்து, மேக்ஸின் தலைமுடி தெரிகிறது. அறையில் சாப்பாடு இருக்கிறது. அதற்கு அப்புறம் ஒரே ஒரு பக்கம், அதில் படமே இல்லை, ஒற்றைத் தொடர் மட்டும். சாப்பாடு ஆறாமல் சூடாகவே இருந்தது என்ற செய்தி. சூடு என்றால் குழந்தைக்குச் சுட்டுவிடும், வெதுவெதுப்பு என்று மாற்றலாமே என்று பதிப்பகத்தில் சொல்லிப் பார்த்தார்களாம். செண்டாக் மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்னது சரி. வெதுவெதுப்பு என்றால் சாப்பாடு எப்போதோ வைத்தது. சூடு என்றால் அம்மா இப்போதுதான் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்தப் புத்தகத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்ற பெயர்பெற்ற உளவியலாளர் 1969இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். அம்மாவே சாப்பாடு தராமல் படுக்க அனுப்புவது குழந்தைக்கு மிகப் பெரிய பயத்தைக் கொடுக்கும் என்பது அவர் வாதம். புத்தகத்தைப் படிக்காமலே எழுதினார் என்பதுதான் வேடிக்கை. கடைசிப் பக்கம்வரை போயிருந்தால் அந்தச் சூடு அவருக்கும் தட்டுப்பட்டிருக்கும். ஆனாலும் அவர் கவலையை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். சில குழந்தைகளுக்கு நிஜமாகவே இது பயமாக இருக்கும். அதற்குத்தான் சேஃப்டி வால்வு. குழந்தை கையால் பக்கத்தை மறைத்தாலோ, வேண்டாம் என்று மூடினாலோ மூடிவிடட்டும். தைரியமாக இரு, என்ன பயம் என்று பிடித்து உட்காரவைத்தால் வால்வை அடைத்த மாதிரி. சில மாதம் கழித்து அதுவே எடுத்துக்கொண்டு வரும், இல்லை வராமலும் போகும்.

இனி தன்னம்பிக்கைக்கு வருவோம். என்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையில் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்துப் பார்ப்பது, தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, உன்னால் முடியும் என்று மற்றவர் சொல்லக் கேட்பது, தன் உடம்பின் பதற்றத்தையோ நிதானத்தையோ வைத்துத் தன்னை எடைபோடுவது. இவற்றில் வலுவானது முதலாவது. நீ கெட்டிக்காரி, நீ சிங்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகங்கள் மூன்றாவதை மட்டும் தருகின்றன. நல்ல கதை இரண்டாவதைத் தருகிறது. முதலாவதை எந்தப் புத்தகமும் தர முடியாது, அதற்கு ஆள் வேண்டும்.

குக்கருக்கும் அப்படி ஒரு பாகம் உண்டு, டப்பாவுக்குள் போட்டு விற்கமாட்டார்கள். விசிலை எண்ணுகிற ஆள். கூடத்தில் என்ன வேலையாக இருந்தாலும் ஒரு காது அடுக்களையில் இருக்கும். அந்த ஆளைப் பற்றிய புத்தகம் ஒன்று உண்டு, 'டோட்டோ சான்'. தெட்சுகோ குரோயானகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி ஜப்பானில் 1981இல் வெளியிட்டது. தமிழிலும் 'ஜன்னலில் ஒரு சிறுமி' என்று கிடைக்கிறது. எட்டு வயதுக்கு மேல் தானே படிக்கலாம், அதற்கு முன்னால் நாம் வாசித்துக் காட்டலாம். முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி டோட்டோ, ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருந்த டோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை முதல் நாளே நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். கொட்டாவி இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. விசில் எண்ணுவது என்றால் இதுதான்.

அதில் ஒரு நிகழ்ச்சி. கழிப்பறைக் குழிக்குள் டோட்டோவின் பிரியமான பர்ஸ் விழுந்துவிடுகிறது. பெரிய அகப்பையைக் கொண்டுவந்து, குழியைத் திறந்து, அள்ளி அள்ளி வெளியே குவித்துத் தேடுகிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று விசாரிக்கிறார். முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பர்ஸ் கிடைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னபடி அத்தனையையும் உள்ளே தள்ளி மூடுகிறாள், மனம் நிறைவாக இருக்கிறது. நம் வீடுகளில் இது நடந்தால் முதல் அகப்பைக்கே தெரு கூடிவிடும். கோபயாஷி வெயிட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பாண்டுரா சொன்ன முதல் ஊற்று இப்படித்தான் திறக்கிறது.

இன்னொன்று, அந்தப் பள்ளியின் விளையாட்டு விழா. உயரம் வளராத தகாஹாஷி என்ற பையன் எல்லாப் போட்டியிலும் முதலில் வருகிறான். அவனைப்போல உடம்பு உள்ளவனுக்குச் சாதகமாக இருக்கும்படி தலைமையாசிரியர் போட்டிகளையே யோசித்து அமைத்திருந்தார். பரிசு கோப்பை இல்லை, முள்ளங்கி, கீரை என்று காய்கறிகள். வெட்கப்பட்ட பிள்ளைகளிடம், உங்கள் உழைப்பால் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறீர்கள் என்கிறார். அவனை யாரும் சிங்கம் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் வரவில்லை.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? சண்டை நடந்த அதே நிமிஷத்தில் புத்தகத்தை எடுக்காதீர்கள், அது தண்டனையாகிவிடும். எல்லாரும் சாப்பிட்டு அமைதியான பிறகு எடுங்கள். வாசிக்கும்போது இடையிடையே நிறுத்தி, இவன் இப்போது என்ன நினைக்கிறான் என்பதுபோல விடை ஒன்றுக்குள் அடங்காத கேள்வியாகக் கேளுங்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை இரண்டு மூன்று சொல்லாக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். இப்படி வாசிப்பதால் குழந்தைகளின் பேச்சு வளர்கிறது என்று குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988லேயே காட்டியிருக்கிறார்கள். பேச்சு வளர்ந்தால் உணர்ச்சிக்குப் பெயரும் வளரும். வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். கடையில் நின்றபடியே கடைசி நீதி வரியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். கதை நிற்கிறதா? நின்றால் வாங்கலாம். வாங்க வசதியில்லை என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையிலிருந்து 1996 முதல் இயங்கும் தூலிகாவும் தமிழில் நல்ல படக்கதைகள் போடுகிறது. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, பிள்ளை ஒதுங்கியே இருந்தால் அது புத்தகத்தின் வேலை இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகளில், பல புதுக் கதைகள் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள்தான் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று இங்கிலாந்தில் 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. முதல் தடவை, கதை எங்கே போகுமோ என்ற பயம் இருக்கும். பத்தாவது தடவை, விலங்குகள் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியும். அப்போது பிள்ளை உங்கள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள் என்னும். எழுத்துத் தெரியாமலே பக்கம் பக்கமாகச் சொல்லும், நடுவில் தன் வீட்டுச் சண்டையையும் சேர்த்துக்கொள்ளும். திருத்தாமல் கேளுங்கள்.